பட்டதாரிப் பெருக்கத் திட்டத்தின் நிரந்தர ஊழியன்

எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அறிக்கை எழுதுவதுதான் என் வேலை.

கொஞ்சம் விளக்கினால் புரியும். முழுக்க விளக்கினால் புரியாமல் போய்விடும். ஆகவே கொஞ்சம் விளக்குகிறேன்.

நெய்வேலியிலிருந்து குறிஞ்சிப்பாடி போகும் வழியில் இருக்கிற எங்கள் பொறியியல் கல்லூரி, ஒரு காலத்தில் முந்திரிக்கொட்டை ஆலை. தாளாளர் நெடுமாறன் காடாம்புலியூர்க்காரர். முந்திரியை விட நல்ல சரக்கு என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கல்விக்கு வந்தவர். மழை பெய்தால் இன்றைக்கும் எங்கள் வரைபடக் கூடத்தில் கொட்டை வறுத்த வாசம் வரும். மாணவர்களையும் அவர் பழைய கண்ணால்தான் பார்ப்பார். முடித்து வேலைக்குப் போனவன் முழுப்பருப்பு. அரியர் வைத்திருப்பவன் பாதி. நடுவில் நின்றுபோனவன் குருணை. ஒரு பட்டமளிப்பு விழாவில் மைக்கிலேயே ‘இந்த வருசம் குருணை கம்மி’ என்று சொல்லிவிட்டார். சிறப்பு விருந்தினர் அதைத் தானிய உற்பத்தி பற்றிய செய்தி என்று நினைத்துக் கைதட்டினார்.

நாட்டில் அறிவியல், பொறியியல் பட்டதாரிகள் போதவில்லை என்று டில்லியில் யாருக்கோ தோன்றியது. எங்கள் தெருவுக்கு வந்து பார்த்திருந்தால் தோன்றியிருக்காது. தோன்றியதன் விளைவாக ஒரு நிதியம் வந்தது, நிதியத்திலிருந்து ஒரு மானியம் வந்தது, மானியத்துக்கு ‘அறிவியல் பொறியியல் பட்டதாரிப் பெருக்கத் திட்டம்’ என்று பெயர் வந்தது. மாணவர்கள் சுருக்கமாகப் பெருக்கும் திட்டம் என்றார்கள். என் அம்மா மாரியம்மாள் சுரங்கக் கம்பெனியின் நகரியத்துப் பள்ளி ஒன்றில் கான்ட்ராக்டில் பெருக்குகிறாள். அவள் பெருக்கினால் தரையில் வித்தியாசம் தெரியும்.

திட்டத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. படித்து முடித்தவர்களில் பாதிப் பேராவது துறை சார்ந்த வேலையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆண்டு மானியம் கிடையாது. எங்களோடு முடித்தவர்களில் ஒருவன் சென்னையில் பிரியாணி கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தான். ஒருத்தி திருப்பூரில் பொத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். மீதிப் பேர் அரசுத் தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாதிக்குப் பதினொரு பேர் குறைந்தது. அந்தப் பதினொரு பேரைத் திட்ட அலுவலகத்திலேயே வேலைக்கு வைத்துவிட்டார்கள். பட்டதாரிகளுக்கு வேலை கிடைத்ததா என்று கண்டறிந்து எழுதும் வேலை. நாங்கள் கண்டறிந்தோம். எங்களுக்குக் கிடைத்திருந்தது.

திட்ட ஒருங்கிணைப்பாளர் வெள்ளைச்சாமி சார், விருதுநகர்ப் பக்கத்துக்காரர். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதை சுலபமாக முடிந்திருக்கும். முதல் நாள் எங்கள் பட்டச் சான்றிதழ்களின் அசலை வாங்கி, ஆவணச் சான்று என்று எழுதிய உறையில் போட்டு, இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். பிறகு நிதியத்தின் இணையதளத்தைத் திறந்து என்னை உட்காரச் சொன்னார். தரவு உள்ளிடுவது என் பொறுப்பு. முதலில் என்னையே உள்ளிட்டேன். ஆதார் எண், பெயர், தந்தை பெயர், துறை. பணியின் தன்மை என்ற இடத்தில் ‘ஒப்பந்தம்’ என்று தேர்ந்தெடுத்தேன்.

“என்னப்பா பண்ற?”

“கான்ட்ராக்ட்தானே சார்?”

“ஒப்பந்தம்னு போட்டா இவன் உன்ன அரை ஆளாத்தான் கணக்குல எடுத்துக்கிடுவான். நிரந்தரம்னு போட்டா முழு ஆளு. நீ அரை ஆளா, முழு ஆளா?”

முழு ஆள் என்று சொல்லிக்கொள்ளத்தான் எந்த ஆணும் விரும்புவான். ‘நிரந்தரம்’ என்று மாற்றினேன். என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை டிக் விழுந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். நிரந்தரம் என்பது மற்ற ஊர்களில் காலத்தைப் பற்றிய சொல். எங்கள் ஊரில் மனிதர்களைப் பற்றிய சொல். பெண் கேட்டுப் போனால் ஜாதகத்துக்கு முன்னால் கேட்பார்கள், பர்மனென்ட்டா கான்ட்ராக்டா என்று. நகரியத்தில் பிளாக், குவார்ட்டர்ஸ், வாசலில் மாமரம் எல்லாம் பர்மனென்ட். மதிலுக்கு வெளியே எங்கள் தெரு முழுக்கக் கான்ட்ராக்ட். என் அப்பா சக்கரபாணி, சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டுகிற மண்ணை வாரிப் போடுபவர். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே கான்ட்ராக்ட். ‘பணி நிரந்தரம்’ என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு அவர் உட்காராத போராட்டப் பந்தல் இல்லை. சின்ன வயதில் அது ஏதோ சாமி பெயர் என்று நினைத்திருந்தேன். எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள், அது வராது.

இதெல்லாம் தெரிந்த தாளாளர் என்ன செய்தார் என்றால், மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் ஒரு பிளெக்ஸ் வைத்தார். மேலே அவர் படம், பெரியதாக. கீழே எங்கள் பதினொரு பேர் படம், அவருடைய சட்டைப் பித்தான் அளவுக்கு. நடுவில் சிவப்பில்: பணி நிரந்தரம் பெற்ற எங்கள் பட்டதாரிகள்.

அப்பா ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்தவர் அங்கே இறங்கியிருக்கிறார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது நான் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். அவர் செருப்பைக் கழற்றாமலே நின்றார்.

“எறங்கி நின்னுகினு படிச்சேன்டா. நம்ம பேருதானான்னு திரும்பத் திரும்பப் படிச்சேன். கூட வேல செய்யிற செங்குட்டுவனக் கூட்டியாந்து படிக்கச் சொன்னேன்.”

“அது காலேஜ் வெச்ச போர்டுப்பா.”

“காலேஜ்தானே வெச்சிது. பொட்டிக்கடையா வெச்சிது?”

“அதில்லப்பா, அது ஒரு திட்டத்துக்காக…”

“எதுக்காவா இருந்தா என்னா. போர்டுல பொய்யா போடுவான்?”

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “நானும் பாத்தேன். போட்டோல மூஞ்ச ஏன் அப்படி வெச்சிகினு இருக்க? ஏதோ களவாண்டவன் மாதிரி.”

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்கு முதலில் அவர் செருப்பையாவது கழற்ற வேண்டும். அவர் கழற்றாமலே திரும்பிப் போய்த் தெருவில் நின்றார். தெருவில் போகிறவர்கள் எல்லாம் அவரைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார்கள். எங்கள் தெருவில் முதல் பர்மனென்ட் நான்தான். அப்பா ஷிப்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்திருக்கிறார். மேஸ்திரி அவரை ‘பர்மனென்ட் அப்பா’ என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறார். அதைக் கிண்டல் என்று அப்பா எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத் தெரிந்து அவருக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அது.

அந்த வாரமே ஒரு மூன்றடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர் வந்தது. மூடியில் பாத்திரக் கடைக்காரர் பொடிப்பொடிப் புள்ளியாய் வெட்டியிருந்தார்: ச. இனியன் பி.இ., பர்மணன்ட்.

“பேருதான் போடச் சொன்னேன்,” என்றார் அப்பா. “போட்டப்புறம் பாத்தா மூடில எடம் நெறைய இருந்துது. சும்மா வுடுவானேன்னு.”

“ஸ்பெல்லிங் தப்புப்பா.”

“அது போவுது. அழியாதுன்னான்.”

இந்தச் சூழ்நிலையில்தான் அப்ரன்டிஸ் அழைப்பு வந்தது. படிப்பு முடித்த கையோடு விண்ணப்பித்து, மறந்துபோயிருந்தேன். சுரங்கக் கம்பெனியின் பயிற்சி மையம், பட்டதாரி அப்ரன்டிஸ், இயந்திரவியல். வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குள் அசல் சான்றிதழோடு வந்து சரிபார்த்துக்கொண்டால் இடம் எனக்கு. வராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்கு.

நான்கு வருடம் இயந்திரவியல் படித்தேன். அதில் நான் கையால் கழற்றி மாட்டிய மிகப் பெரிய இயந்திரம் ஆய்வகத்து மின்விசிறி. அதுவும் மாட்டிய பிறகு சுற்றவில்லை. எங்கள் வீட்டிலிருந்து காற்று தோதாக அடித்தால் சுரங்கத்தின் பக்கெட் வீல் மண்ணைக் கடிக்கும் சத்தம் கேட்கும். ஒரு கட்டடம் அளவு இயந்திரம், மெதுவாக நடந்துபோய்ப் பூமியைத் தின்கிறது. அதன் பல் தேய்ந்தால் யாரோ ஏறி மாற்றுகிறார்கள். அந்த யாரோவுக்குப் பக்கத்தில் ஒரு வருடம் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. முடிந்ததும் வேலை தருவார்கள் என்று உத்தரவாதம் இல்லை. பெரிய ஆசை ஒன்றும் இல்லை என்பதைக் கவனிக்கவும்.

அப்பாவிடம் சொன்னேன்.

“ஏன்டா, பர்மனென்ட்ட வுட்டுட்டு எவனாச்சும் அப்ரன்டிஸ் போவானாடா?”

“அது நெஜ பர்மனென்ட் இல்லப்பா. திட்டம் முடிஞ்சா வேல போயிடும்.”

“கம்பெனி முடிஞ்சாக் கூடத்தான் எல்லாருக்கும் போயிடும். அதுக்காவ பர்மனென்ட் இல்லன்னு சொல்லுவியா?” சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “ஒரு வருசம் கழிச்சி வெளிய அனுப்பிடுவான்டா. அனுப்பினா இன்னா சொல்லிகினு நிப்ப? நான் சொல்லிகினு நிக்கிறேனே, போதாதா?”

மறுநாள் வெள்ளைச்சாமி சாரிடம் போனேன்.

“சார், வியாழக்கிழமை என் ஒரிஜினல் வேணும்.”

“வியாழக்கிழமையா? அன்னைக்குத்தானப்பா டில்லியில இருந்து ஆய்வுக்கு வாராக. பதினோரு ஒரிஜினலையும் மேசையில பரத்தி வைக்கணும். ஒண்ணு கொறைஞ்சா பத்துல்ல ஆகிரும்.”

“கணக்கு சரிதான் சார். நான் ராஜினாமா பண்ணிடறேன்.”

சார் கண்ணாடியைக் கழற்றினார். அவர் நியாயமாகப் பேசப் போகிறார் என்பதற்கு அதுதான் அறிகுறி.

“இங்க பாருப்பா. நீ போனா பாதிக்குக் கீழ எறங்கிரும். எறங்கினா மானியம் நின்னுரும். நின்னா மிச்சப் பத்துப் பேரும் வீட்டுக்குப் போகணும். ஒரு ஆளு எஞ்சினியர் ஆகுறதுக்காகப் பத்து எஞ்சினியர வீட்டுக்கு அனுப்பலாமா? நீயே சொல்லு.”

அவர் பேச்சில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அதிலிருந்த பெரிய தப்பு.

என் பக்கத்து நாற்காலி பொற்கொடி. மின்னணுவியல். குறிஞ்சிப்பாடியில் நெசவாளர் வீட்டுப் பெண். திட்ட அலுவலகத்தில் அவள் வேலை, நாங்கள் வேலை செய்வதைப் புகைப்படம் எடுப்பது. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டாள்.

“பீரோ எப்பத் தெறப்பாரு?”

“வியாழக்கிழமை. ஆய்வுக்கு.”

“அப்ப மேசைல இருக்கும்ல. எடுத்துகினு போ.”

“உன் வேல போயிடும்.”

“இந்த வேலயா? போட்டோல நீ கொட்டாவி வுடாம இருக்குற நொடிக்காகக் காத்துகினு நிக்கிறதா?” முறுக்கில் பாதியை என்னிடம் நீட்டினாள். “போனா போவுது. ஆனா ஒண்ணு, ஃபேனுக்கு அடியில இருக்க உன் சேரு எனக்கு.”

வியாழக்கிழமை வந்தது. கல்லூரி வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். ஆய்வாளர் டில்லியிலிருந்து வந்தாலும் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். எதைக் கேட்டாலும் ‘அருமைங்க’ என்று எழுதிக்கொள்கிற மென்மையான மனிதர். நாங்கள் பதினொரு பேரும் ஒரே நிறச் சட்டையில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். மேசையில் பதினொரு சான்றிதழ்கள். எதிரே பயனாளிகளின் பெற்றோர் சார்பாக ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை, மடியில் மூன்றடுக்கு டிபன் கேரியர். என் அப்பா.

அவரை அழைத்தது எனக்குத் தெரியாது. தாளாளரின் யோசனை.

ஆய்வாளர் என்னிடமிருந்து ஆரம்பித்தார்.

“நீங்க என்னங்க பண்றீங்க?”

“அறிக்கை தயாரிக்கிறேன் சார்.”

“எதப் பத்திங்க?”

“வேலை கிடைத்த பட்டதாரிகளைப் பற்றி.”

“அவிங்க எங்க வேலை செய்யறாங்க?”

“இங்கதான் சார்.”

“என்ன வேலைங்க?”

“அறிக்கை தயாரிக்கிற வேலை சார்.”

வெள்ளைச்சாமி சார் கண்ணாடியைக் கழற்றினார். ஆமாம், வேண்டுமென்றேதான் சொன்னேன். திட்டம் அங்கேயே விழுந்து உடைந்தால் என் கைவிலங்கும் உடையும் என்று ஒரு நப்பாசை. ஆய்வாளர் பேனாவை உதட்டில் வைத்துக் கொஞ்சம் யோசித்தார்.

“அதாவது, திட்டத்தோட பயனாளிகளே திட்டத்தக் கண்காணிக்கிறாங்க. வெளி ஆள் தேவையில்லை. தற்சார்பு மாதிரிங்களா இது?”

“ஆமாங்க சார்,” என்றார் வெள்ளைச்சாமி சார், ஆய்வாளரின் தமிழிலேயே.

“அருமைங்க,” என்று எழுதிக்கொண்டார். “மத்த காலேஜ்லயும் இதப் பரிந்துரைக்கலாம்.”

பிறகு அப்பாவைப் பேசச் சொன்னார்கள். அப்பா எழுந்தார். கேரியரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டார்.

“நான் மைன்ஸ்ல கான்ட்ராக்டுங்க. பந்தல்ல உக்காந்து கேட்ட வார்த்தைங்க அது. எனக்கு வர்ல. எம் புள்ளைக்கு வந்துட்சி. யாரு குடுத்தாங்க, எதுக்குக் குடுத்தாங்கன்னு எனக்குத் தெர்லிங்க. குடுத்தத புடுங்காம இருந்தா சரிங்க.”

இவ்வளவுதான் பேசினார். ஆய்வாளர் இதற்கு அருமைங்க என்று சொல்லவில்லை. பேனாவை மூடிவிட்டுச் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரைப் படித்து, அந்தந்த ஆளின் முகத்தைப் பார்த்து, அந்தந்த ஆளின் கையிலேயே கொடுக்க ஆரம்பித்தார். பள்ளி ஆசிரியர் விடைத்தாள் கொடுக்கிற மாதிரி. வெள்ளைச்சாமி சார் குறுக்கே கை நீட்டப் பார்த்தார். அதிகாரியின் கைக்குக் குறுக்கே கை நீட்டுவது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

என் சான்றிதழ் என் கைக்கு வந்தது.

“சாருக்கு டீ சொல்லிட்டு வரேன்,” என்று எழுந்தேன்.

பொற்கொடி கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே ஸ்கூட்டிச் சாவியை மேசை ஓரமாக நகர்த்தினாள். கதவைத் தாண்டும்போது அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். திரும்பிப் பார்க்கவில்லை.

பயிற்சி மையத்துக்கு மூன்று மணிக்குள்ளேயே போய்விட்டேன். கூட்டம் குறைந்திருந்தது. சரிபார்க்கும் மேசையில் சந்திரகலா என்று பெயர்ப்பலகை வைத்த அம்மா. அசலைப் பார்த்தார், மதிப்பெண்ணைப் பார்த்தார், தலையை ஆட்டினார். பிறகு என் ஆதார் எண்ணைத் தட்டினார். தலை ஆடுவது நின்றது.

“தம்பி, நீங்க ஏற்கெனவே வேலையில இருக்கீங்களே. நிரந்தரம்னு வருது.”

“அது நான் போட்டது மேடம்.”

“யாரு போட்டா என்ன? வந்துருச்சுல்ல.” திரையை என் பக்கம் திருப்பினார். பச்சை டிக். எங்கே போனாலும் அதே அழகு. “ரெண்டு சிஸ்டமும் இப்ப ஒண்ணா இணைச்சிட்டாங்க. இது வேலையில்லாத பிள்ளைங்களுக்கான பயிற்சிப்பா. நிரந்தர வேலையில இருக்கறவங்கள எடுக்க முடியாது.”

“எனக்கும் வேலை இல்ல மேடம்.”

அவர் என் கழுத்தைப் பார்த்தார். திட்டத்தின் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அவசரத்தில் கழற்ற மறந்துவிட்டேன்.

“கோவிச்சுக்காதீங்க. நீங்க சொல்றத நான் நம்பறேன், ஆனா கம்ப்யூட்டர் நம்பணும்ல. நாலு மணி வரைக்கும் உங்க பேர லிஸ்ட்ல வெச்சிருக்கேன். அதுக்குள்ள அந்த டிக்க எடுக்கச் சொல்லுங்க. எடுத்துட்டா நீங்க உள்ள. காலேஜ்ல இத யாரு அப்டேட் பண்றது?”

“நான்தான் மேடம்.”

“அப்புறம் என்னப்பா?” என்றார், நிஜமான சந்தோஷத்தோடு.

அந்த இணையதளம் கல்லூரிக் கணினியில் மட்டும்தான் திறக்கும். ஸ்கூட்டியைத் திருப்பினேன். திட்ட அலுவலகத்தில் யாரும் இல்லை. ஆய்வாளரை அழைத்துக்கொண்டு எல்லோரும் தாளாளர் அறைக்குப் போயிருந்தார்கள், முந்திரிப் பொட்டலம் கொடுக்க. பொற்கொடி மட்டும் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், ஃபேனுக்கு அடியில். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டாள்.

“அதுக்குள்ள எஞ்சினியர் ஆயிட்டியா?”

“டிக்க எடுக்கணும்.”

என் பெயரைத் திறந்தேன். பணி விலகல் என்ற பொத்தானை அழுத்தினேன். காரணம் கேட்டது. மூன்றே காரணங்கள்தான் இருந்தன. ஓய்வு. உயர்கல்வி. மரணம்.

“ராஜினாமா எங்க?” என்றாள் பொற்கொடி.

“இல்ல.”

“அது எப்பிடி இல்லாம இருக்கும்?”

இல்லாமல்தான் இருந்தது. அந்தத் தளத்தைச் செய்தவனும் எங்கள் ஊர்க்காரன் மாதிரியே யோசித்திருக்கிறான். பர்மனென்ட் கிடைத்தவன் எதற்கு ராஜினாமா செய்யப் போகிறான்?

ஓய்வை அழுத்தினேன். உங்கள் பிறந்த தேதிப்படி அதற்கு இன்னும் நிறைய வருடங்கள் இருக்கின்றன என்றது. உயர்கல்வியை அழுத்தலாம், ஆனால் மாணவனையும் அப்ரன்டிஸாக எடுக்க மாட்டார்கள். அழைப்பிலேயே போட்டிருந்தது.

“செத்துப்போ,” என்றாள் பொற்கொடி.

“என்னா?”

“மரணம் போடு. டிக் போயிடும்ல. அந்தம்மாக்கு டிக் போனாப் போதும், எதனால போச்சின்னா பாக்கப் போறாங்க? நாளைக்கி தப்பா அமுத்திட்டோம்னு மெயில் போட்டு உயிரோட வந்துடலாம்.”

“செத்தவன் சர்ட்டிபிகேட் காட்ட முடியுமா?”

“இருக்கறவன் காட்டி இன்னா ஆச்சி?”

சார் வந்தால் தடுக்கச் சொன்னேன். அவள் தாழ்வாரத்தில் யாராவது வருகிறார்களா என்று பார்க்கப் போனாள். சுவர்க் கடிகாரத்தில் நான்குக்குக் கொஞ்சம்தான் பாக்கி. மரணத்தைத் தேர்ந்தெடுத்தேன். திரையில் ஒரு சிவப்புக் கட்டம் எழும்பியது. ஆங்கிலத்தில் என் பெயர், தந்தை பெயர், இந்த நபர் இறந்துவிட்டதை உறுதி செய்கிறீர்களா, ஆம், இல்லை.

‘ஆம்’ மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தேன். அழுத்துவதற்கு ஒரு விரல் போதும். அந்த விரலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

“எங்கடா பூட்ட, சாப்புடாம கொள்ளாம?”

அப்பா. பொற்கொடி வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். சாரைத்தான் தடுக்கச் சொன்னேன், அப்பாவைச் சொல்லவில்லை. அவர் கேரியரைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“டீ சொல்லப் போனவன் டீத் தோட்டத்துக்கே பூட்டானான்னு சாரு கேட்டாரு. நான் இருந்து பாத்துட்டுப் போலாம்னு.” திரையைப் பார்த்தார். “இதான் உன் வேலையா?”

“ஆமாம்பா.”

அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் தன் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் அடையாளம் தெரியும். சுரங்கத்து கேட் பாஸில் அப்படித்தான் அச்சடித்திருக்கும். தினமும் கழுத்தில் மாட்டுவது. திரைக்குக் கிட்டே குனிந்தார்.

“எம் பேரு இருக்குதே.”

“ம்.”

“டில்லி கம்ப்யூட்டர்லயாடா எம் பேரு?” விரலால் தொட்டார். கண்ணாடியில் விரல்ரேகை விழுந்தது. சட்டைக் கையால் துடைத்தார். “உம் பேருக்குக் கீழயே போட்டுருக்கான். என்னா கேக்குது அது, செவப்பா?”

“உறுதியான்னு கேக்குதுப்பா.”

“எது?”

“வேல.”

“கேப்பான்ல, பர்மனென்ட்னா நாலு தரம் கேப்பான்.” நிமிர்ந்து உட்கார்ந்தார். “அதுல என்னாடா யோசன? ஆமான்னு அமுத்து.”

நான் அழுத்தவில்லை.

“நாந்தான் பக்கத்துல இருக்கேன்ல. எதுக்கு பயப்படுற? அமுத்துடா.” மவுஸ் மேல் இருந்த என் கையின் மேல் அவர் கையை வைத்தார். மண் வாரி மண் வாரி, தேங்காய் நார் மாதிரி ஆகிப்போன கை.

கடிகாரம் என்ன காட்டியது என்று பார்க்கவில்லை. அவர் கையோடு சேர்த்து என் கையை நகர்த்தி, ‘இல்லை’ மேல் வைத்து அழுத்தினேன்.

சிவப்புக் கட்டம் மறைந்தது. பச்சை டிக் திரும்ப வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

“ஏன்டா நவுத்தி அமுத்துன? இல்லன்னியா?”

“கேள்வி தப்பா இருந்துதுப்பா.”

“அப்ப சரி,” என்றார். டிக்கைக் காட்டினார். “இது என்னாது?”

“நிரந்தரம்னு அர்த்தம்.”

அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேரியரைப் பிரித்தார். புளிச்சோறு, உருளைக்கிழங்கு, நடு அடுக்கில் அப்பளம் நமுத்துப்போயிருந்தது. பொற்கொடியையும் கூப்பிட்டார். அவள் என் முகத்தைப் பார்க்காமல் வந்து மூடியில் வாங்கிக்கொண்டாள். ‘பர்மணன்ட்’ சோற்றுக்கு அடியில் போனது.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வெள்ளைச்சாமி சார் ஓடாத குறையாக வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“நீட்டிச்சிட்டாகப்பா. இன்னும் மூணு வருசம். பக்கத்து மாவட்டத்துக் காலேஜ்க்காரங்களுக்கெல்லாம் நீதான் வகுப்பு எடுக்கணுமாம், இந்த மாதிரி எப்படி நடத்துறதுன்னு. பேரச் சொல்லிக் கேட்டாரு.” அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டார். “ஐயா, ஒங்க பையன் சாதாரணப்பட்டவன் இல்ல.” பிறகு எச்சில் படாத என் இடது கைப் பக்கம், கணினியின் கீழே செருகியிருந்த சான்றிதழை மெல்ல உருவி, தூசி தட்டி, உறையில் போட்டுக்கொண்டார். “இது பத்திரமா இருக்கட்டும்.”

பீரோ பூட்டுகிற சத்தம் கேட்டது. அப்பா இன்னொரு கை சோறு வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலாண்டு அறிக்கையை முடித்தேன். பக்கெட் வீல் சத்தம் அன்றைக்குக் கல்லூரி வரைக்கும் கேட்டது, அல்லது ஃபேனாக இருக்கலாம். பொற்கொடி நான் வேலை செய்வதைப் புகைப்படம் எடுத்தாள். கடைசிப் பத்தியில், இந்தக் காலாண்டில் திட்டத்திலிருந்து வெளியேறியவர்கள் என்று ஒரு தலைப்பு உண்டு. அதற்குக் கீழே, எழுத்துப்பிழை இல்லாமல், ‘எவருமில்லை’ என்று தட்டச்சு செய்தேன்.